அச்சு அசலாக இரண்டு ஃபைல்

அத்தியாயம் 11

அட்டைப்பெட்டி கம்பெனியில் பதினொரு பேருடைய வேலை ஆட்டம் கண்ட கதை நமக்குத் தெரியும். இயந்திரங்களெல்லாம் கம்ப்யூட்டர் வலைக்குள் போய்விட்டன. நெட்வொர்க் அடிப்படைத் தேர்வில் பாஸ் செய்கிறவர்களுக்குப் புதிய கூடத்தில் வேலை. மற்றவர்களுக்கு மாதக் கடைசியில் ஒரு நன்றி, ஒரு வணக்கம்.

அந்தப் பதினொரு பேருக்கும் பாடம் எடுக்கும் பொறுப்பு பயிற்சி மையத்து டீச்சர் தலையில் விழுந்தது. அதில் ஏழாம் நம்பர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருப்பவர் அவளுடைய கணவர். எட்டாம் நம்பரில் அவருடைய தங்கை, அதாவது டீச்சரின் நாத்தனார். கட்டியவன் விட்டுப் போன பிறகு இரண்டு பெண்களோடு அண்ணன் வீட்டு மாடியில் குடியிருப்பவள்.

ஒரே வீடு, ஒரே பஸ், ஒரே வகுப்பு. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த மத்தளம்தான் நம் டீச்சர்.

முதல் நாளே இரண்டு விஷயங்களைக் கறாராகச் சொல்லியிருந்தாள். வகுப்புக்குள் உறவுமுறை கிடையாது, யாராக இருந்தாலும் கம்ப்யூட்டர் நம்பர்தான். காப்பி அடிக்கிறவருக்கு, அது யாராக இருந்தாலும், பூஜ்யம்.

கடைசிப் பயிற்சியை, அதுதான் தேர்வு, முந்தாநாள் கொடுத்தாயிற்று. வீட்டில் உட்கார்ந்து செய்து, நேற்று மாலைக்குள் பொது ஃபோல்டரில் போட்டுவிட வேண்டும். எல்லோரும் போட்டுவிட்டார்கள். இன்று மாலை ஐந்து மணிக்கு மதிப்பெண் பட்டியலை வாங்கிப்போகக் கம்பெனி வண்டி வரும்.

காலையில் சும்மா ஒரு திருப்பிப் பார்க்கும் வகுப்பு. அதுவே டீச்சருக்கு ரத்தக் கொதிப்பை ஏற்றிவிட்டது.

“ஏழாம் நம்பர், பிங் பண்ணுங்க” என்றாள்.

பிங் என்றால் பெரிய வித்தையில்லை. ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றைப் பார்த்து ‘இருக்கியா?’ என்று நாலு தடவை குரல் கொடுக்கும். அந்தப் பக்கத்திலிருந்து ‘இருக்கேன்’ என்று பதில் வந்தால் வழி சரி.

இதெல்லாம் நிஜக் கம்ப்யூட்டர்கள்கூட இல்லை. சிமுலேட்டர் என்கிற மென்பொருளுக்குள் வரைந்த பொம்மைகள். திரையில் இந்தப் பக்கம் ஆபீஸ், அந்தப் பக்கம் மெஷின் கூடம், நடுவே இரண்டுக்கும் வழிவிடும் ஒரு ரவுட்டர். கேபிள் முனைகளிலெல்லாம் பச்சைப் பொட்டு. பார்க்கக் கண்ணுக்கு லட்சணமாகத்தான் இருந்தது.

கணவர் தட்டினார். முதல் வரி வந்தது. பதில் இல்லை.

அவர் திரும்பிப் பார்த்தார். பின்னால் டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். மனிதர் அவசர அவசரமாக மவுஸை நகர்த்தி, நடுக் கேபிளை அழித்துவிட்டார்.

“அய்யோ! அதை எதுக்கு அழிச்சீங்க?”

“பதில் வரலையே.”

“முதல் தடவை வராது! ‘இந்த அட்ரஸ் யாரோடது’ன்னு முதல்ல தெருவுல விசாரிக்கணும். அந்த நேரத்துக்குள்ள முதல் பாக்கெட் வீணாப் போயிடும். ரெண்டாவது போகும். பொறுத்துப் பார்க்கணும், பொறுத்துப் பார்க்கணும்னு ஆறு வாரமா தொண்டை கிழியக் கத்தறேன்!”

“பொறுமையா இருன்னு கத்தினா எப்படி டீச்சர்?” என்றார் மூன்றாம் நம்பர் ஃபோர்க்லிஃப்ட் டிரைவர்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. ஏழாம் நம்பர் சிரிக்கவில்லை. எட்டாம் நம்பர் தலையே தூக்கவில்லை.

டீச்சரையும் ஒரேயடியாகக் குற்றம் சொல்ல முடியாது. ‘இதில் எதை உடைத்தாலும் நஷ்டமில்லை, தைரியமாகத் தொட்டுப் பாருங்கள்’ என்று அவள் நூறு தடவை சொல்லிவிட்டாள். ஆனால் ‘தெரியாத பட்டனைத் தொடாதே’ என்ற போர்டுக்குக் கீழே இருபது வருஷம் நின்றவர்கள் அவர்கள். பொம்மை ரவுட்டரைத் தொடவும் விரல் தயங்கியது. ஒன்று, தொடவே மாட்டார்கள். தொட்டால் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். செவிடன் காதில் சங்கு ஊதி ஊதி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

பதினோரு மணிக்கு வகுப்பை முடித்துவிட்டு, ஃபைல்களைத் திருத்த உட்கார்ந்தாள்.

ஒன்று முதல் ஆறு வரை எப்படியோ பாஸ். ஏழாவதைத் திறந்தாள். திறந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு! காலையில் கேபிளைப் பிடுங்கிய மனிதரா இது?

எட்டாவதைத் திறந்தாள். அதுவும் தொண்ணூற்று நாலு.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கம்ப்யூட்டர்களை ஒன்றுசேர்க்கும் ஸ்விட்ச் பெட்டி ஒன்று எந்த இணைப்பும் இல்லாமல் மூலையில் அநாதையாகக் கிடந்தது, இரண்டிலும் அதே மூலையில். வெளியே போகிற வாசலான கேட்வேக்குக் கடைசி எண் ஒன்று என்றுதான் அவள் ஆறு வாரமாகச் சொல்லிக்கொடுத்திருந்தாள். இரண்டு ஃபைலிலும் இருநூற்று ஐம்பத்து நாலு. தப்பில்லை, அதுவும் வேலை செய்யும். ஆனால் வகுப்பில் வேறு யாரும் அப்படிப் போடவில்லை.

யார் யாரைப் பார்த்துப் போட்டது என்று யோசிக்க டீச்சருக்கு ஒரு நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை. அங்கேதான் அவள் சறுக்கினாள்.

சாப்பாட்டு இடைவேளையில் கணவரை மாடிப்படித் திருப்பத்துக்குக் கூப்பிட்டாள். வகுப்புக்கு வெளியே வந்துவிட்டதால் நம்பர் போய் உறவு வந்துவிட்டது.

“என்னங்க, உங்க ஃபைலும் உங்க தங்கச்சி ஃபைலும்...”

“ஆமா. நான்தான் காப்பி அடிச்சேன்.”

அவள் கேள்வியைக்கூட முடிக்கவில்லை.

“வெக்கமா இல்ல? என் மானத்தை நினைச்சுப் பார்த்தீங்களா? நாளைக்கு இந்த சென்டர்ல நான் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பேன்?”

“தப்புதான். பூஜ்யம் போட்டுடு.”

“வேலை போயிடும். தெரியுமா?”

“தெரியும். போட்டுடு.”

சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். அவள் கொதித்துக்கொண்டே வகுப்புக்குத் திரும்பினாள். பட்டியலில் ஏழுக்கு நேரே பூஜ்யம் போடப் பேனாவை எடுத்துவிட்டாள்.

எடுத்தவளுக்கு ஏதோ இடித்தது. குழாயைத் திறந்துவிட்டு வந்ததைக்கூட ஒப்புக்கொள்ளாத மனிதர் அவர். கல்யாணமான இத்தனை வருஷத்தில் ‘தப்பு என்னுடையது’ என்று அவர் வாயிலிருந்து ஒரு தடவை வந்திருக்குமா? கேட்பதற்கு முன்பே ஒப்புக்கொள்கிறார் என்றால்?

சிமுலேட்டரில் ஒரு ஏற்பாடு உண்டு. முதல் நாள் ஒவ்வொருவரும் ஓர் அடையாளப் பெயர் போட வேண்டும். அந்த ஆள் செய்த ஃபைல் எத்தனை கை மாறினாலும் அந்தப் பெயர் கூடவே ஒட்டிக்கொண்டு போகும். டீச்சர் இதை வகுப்பில் சொல்லவில்லை. சொன்னால் திருடன் உஷாராகிவிடுவானே!

ஏழாம் ஃபைலில் பார்த்தாள். ‘டீச்சர் வீட்டுக்காரர்’ என்று இருந்தது. ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் கேலி செய்தார் என்று, முதல் நாள் அவர் முறைத்துக்கொண்டு தட்டிய பெயர்.

எட்டாம் ஃபைலில் பார்த்தாள். அதிலும் ‘டீச்சர் வீட்டுக்காரர்’.

அவளுக்குச் சுருக்கென்றது. முதலில் வந்தது சந்தோஷம்தான், அதை மறைப்பானேன்! அந்த மனிதர், அவள் மண்டூகம் என்று முடிவு கட்டிவிட்ட மனிதர், தனியாக உட்கார்ந்து தொண்ணூற்று நாலு எடுத்திருக்கிறார். அந்தச் சந்தோஷம் அரை நிமிஷம்கூட நிற்கவில்லை.

“பார்த்துட்டியா?”

கதவருகே அவர் நின்றிருந்தார்.

“ஏன் பொய் சொன்னீங்க?”

“உனக்கு வேலை இருக்கு. நான் ஒண்ணு இல்லைன்னா இன்னொண்ணு தேடிக்கிறேன். அவளுக்கு யாரு இருக்கா?”

“அதுக்காக?”

“காலையிலதான் வந்து சொன்னா. அழுதா. நீ அந்தப் பேரைப் பார்க்கலைன்னு நினைச்சுக்கோ. அவ்வளவுதான் நான் கேக்கறது.”

“வீட்டுல இவ்வளவு அழகா பண்ணத் தெரிஞ்சவர், வகுப்புல ஏன் கேபிளைப் பிடுங்கறீங்க?”

“வீட்டுல நீ பின்னாடி நிக்கறதில்லையே” என்றார்.

அவர் குத்திக்காட்டவில்லை. இருக்கிறதைச் சொன்னார். அதனால்தான் அவளுக்கு வலித்தது. பதிலுக்கு அவள் ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருப்பது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை.

அவர் சொன்னபடி செய்தால் வீட்டில் ஒருவருக்கு அநியாயம். உண்மையை எழுதினால் இரண்டு குழந்தைகளோடு இன்னொருத்தி வேலையிழப்பாள். அப்புறம் சொந்தக்காரர்கள் வாய் சும்மா இருக்குமா? ‘புருஷன் வேலையைக் காப்பாத்த நாத்தனாரைத் தெருவுல விட்டவ’ என்று ஆயுசுக்கும் சொல்வார்கள். இந்தப் பக்கம் போனால் பள்ளம், அந்தப் பக்கம் போனால் கிணறு.

நாலு மணிக்கு எல்லோரும் டீ குடிக்கப் போனதும் நாத்தனாரை மட்டும் நிறுத்தினாள்.

“உன் ஃபைல்ல கேட்வேக்கு ஏன் இருநூத்தி ஐம்பத்து நாலு போட்டே?”

“அது... நீங்க சொல்லிக்கொடுத்ததுதானே அண்ணி?”

“நான் ஒண்ணுன்னுதான் சொல்லிக்கொடுத்தேன்.”

நாத்தனார் கண்ணில் மளுக்கென்று நீர் கோத்துக்கொண்டது.

“ஏன்மா இப்படிப் பண்ணினே? புரியலைன்னா என்கிட்ட கேக்கக் கூடாதா? ஒரே வீட்டுலதானே இருக்கோம்?”

“கேட்டேனே அண்ணி.”

“எப்போ?”

“ரெண்டாவது வாரம். அட்ரஸைப் பிரிக்கிற கணக்கு புரியலைன்னு எழுந்து கேட்டேன். ‘கம்பெனி ஸ்டோர்ல இத்தனை வருஷம் என்னத்தை எண்ணிக்கிட்டு இருந்தே’ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டீங்க.”

டீச்சருக்கு அது நினைவே இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. சொன்னவர்களுக்கு மறந்துபோகும். கேட்டவர்களுக்கு மறக்குமா?

“அதுக்கப்புறம் அண்ணன்கிட்ட கேட்டேன். மாடிப்படியில உட்கார்ந்து பேப்பர்ல வரைஞ்சு காட்டுவார். கேட்வேங்கிறவர் கேட்டுல நிக்கிற ஆள் மாதிரி, அதனால தெருக் கடைசி நம்பரைக் கொடுத்துடுவேன்னு சிரிப்பார். நாலு தடவை கேட்டாலும் முகம் சுளிக்க மாட்டார். எனக்குப் புரிஞ்சுது அண்ணி, சத்தியமா. ஆனா கடைசி நாள் கை ஓடல. தப்பு பண்ணினா நீங்க என்ன சொல்வீங்களோன்னு... அண்ணன் ஃபைலை அவருக்குத் தெரியாம எடுத்துப் போட்டுட்டேன்.”

டீச்சர் ஒரு நாற்காலியை இழுத்து எட்டாம் நம்பருக்கு முன்னால் போட்டாள்.

“உட்காரு. வெறும் திரை. முதல்ல இருந்து பண்ணு. முடிச்சிட்டேன்னா, நடந்ததை ஒளிக்காம சென்டர் மேனேஜர்கிட்ட சொல்லி, இதையே உன் தேர்வா எடுத்துக்கச் சொல்லிக் கேக்கறேன். அவர் ஒத்துப்பாரான்னு தெரியாது. ஆனா கேப்பேன்.”

“நிஜமாவா அண்ணி?”

“நான் வாயே திறக்க மாட்டேன். பண்ணு.”

நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

ரவுட்டரை நடுவில் வைத்தாள். இரண்டு பக்கமும் ஸ்விட்ச். கம்ப்யூட்டர்கள். கேபிள் தேர்ந்தெடுத்ததில் ஒரு தப்பும் இல்லை. ஆபீஸ் பக்கத்துக்கு அட்ரஸ் கொடுத்தாள். உதட்டுக்குள் ஏதோ எண்ணிக்கொண்டே மெஷின் கூடத்துக்கும் கொடுத்தாள். எண்கள் சரியாக விழுந்தன. பின்னால் நின்ற டீச்சருக்கு மூச்சு இலேசாக வந்தது. இவள் செய்துவிடுவாள்!

மணி நாலு இருபத்தைந்து.

ரவுட்டரின் இரண்டாவது பக்கத்தில் சிவப்புப் பொட்டு போகவில்லை. ரவுட்டர் கதவுகள் தானாகத் திறக்காது, ஒவ்வொன்றையும் நாம் ஆன் செய்ய வேண்டும். முதல் பக்கத்தை ஆன் செய்தவள் இரண்டாவதை மறந்துவிட்டாள். எங்கே தப்பு என்று தேடினாள். கேபிளைப் பார்த்தாள். அட்ரஸைப் பார்த்தாள். திரும்பவும் கேபிளைப் பார்த்தாள். மவுஸ் அந்த ஆன் கட்டத்துக்குப் பக்கத்திலேயே போய்ப் போய்த் திரும்பியது. ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை.

“அய்யோ, அந்தப் பக்கத்தை ஆன் பண்ணவே இல்லையே! கண்ணு எங்கே இருக்கு உனக்கு?”

சொல்லி முடித்த பிறகுதான் டீச்சருக்குத் தன் குரலே காதில் விழுந்தது.

நாத்தனார் மவுஸிலிருந்து கையை எடுத்தாள். மெதுவாக எழுந்து நாற்காலியைப் பழையபடி தள்ளி வைத்தாள்.

“விடுங்க அண்ணி. எனக்கு வராது.”

“இல்லம்மா, நான் ஏதோ வாய் தவறி... உட்காரு. எல்லாம் சரியா இருக்கு. ஒரே ஒரு...”

“விடுங்க.”

போய்விட்டாள்.

டீச்சர் அந்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். மவுஸை எடுத்து அந்த ஒரு கட்டத்தைத் தொட்டாள். சிவப்பு பச்சையானது. பிங் செய்து பார்த்தாள், பதில் வந்தது. நாத்தனார் வேறு எதிலும் ஒரு பிசகு செய்யவில்லை. இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருந்தால் அவளே கண்டுபிடித்திருப்பாள். ஒரே ஒரு நிமிஷம்! அதைக்கூட விட்டுக்கொடுக்கத் தெரியாத நாக்கைப் பிடுங்கிப் போட்டால் என்ன என்று இருந்தது அவளுக்கு. ஆறு வாரமாக வகுப்பின் மேல் இருந்த ஆத்திரமெல்லாம் மொத்தமாகத் திரும்பி வந்து அவள் மேலேயே விழுந்தது.

முகத்தைக் கழுவிக்கொண்டு, பட்டியலை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்கு நடந்தபோது மணி நாலு ஐம்பது. ஏழுக்கும் எட்டுக்கும் நேரே இன்னும் ஒன்றும் எழுதவில்லை.

கதவைத் திறந்துகொண்டு நாத்தனார் வெளியே வந்துகொண்டிருந்தாள்.

“இங்கே எதுக்கு வந்தே?”

“சொல்லிட்டேன் அண்ணி.”

“என்னன்னு?”

நாத்தனார் சுவரைப் பார்த்துப் பேசினாள். “அண்ணன் என் ஃபைலை எடுத்துட்டார்னு.”

டீச்சருக்கு ஒரு கணம் ஒன்றுமே புரியவில்லை. புரிந்தபோது கையில் இருந்த காகிதம் கசங்கியது.

“அண்ணனே உங்ககிட்ட அப்படித்தானே ஒத்துக்கிட்டார்? இப்பதான் டீ குடிக்கிற இடத்துல சொன்னார். நீங்களும் முதல்ல அதைத்தானே நம்பினீங்க?” நாத்தனாரின் குரல் உடைந்தது. “எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க அண்ணி. எனக்கு வேற வழி தெரியல.”

தாழ்வாரத்துக் கோடியில், தண்ணீர் மெஷின் பக்கத்தில் கணவர் நின்றிருந்தார். தங்கை சொன்னது அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும். முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் மனைவியைப் பார்த்து, ‘விட்டுடு’ என்பதுபோல் தலையை ஆட்டினார்.

டீச்சருக்குக் கோபம் வந்தது. நாத்தனாரைக் கன்னத்தில் அறைய வேண்டும் போலவும், கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் ஒரே நேரத்தில் இருந்தது. இரண்டையும் செய்யாமல் டீச்சர் உள்ளே போனாள்.

மேனேஜர் நல்ல மனிதர். அதுதான் அன்றைக்கு இன்னும் கஷ்டமாகப் போயிற்று.

“வாங்க டீச்சர். விஷயம் கேள்விப்பட்டேன். உங்களுக்குச் சங்கடம்தான். ஆனா பாருங்க, சொந்தத் தங்கச்சி, நேர்மையா வந்து சொல்லிட்டாங்க. இந்தக் காலத்துல யார் சொல்வாங்க?” பேனாவை நீட்டினார். “ஏழாம் நம்பருக்குப் பூஜ்யம் போட்டுக் கையெழுத்துப் போடுங்க. கம்பெனி வண்டி வந்து வாசல்ல நிக்குது.”

பேனா அவள் கைக்கு வந்துவிட்டது. ஒரு பூஜ்யம், ஒரு கையெழுத்து. இரண்டுமே வட்டமாக ஓர் இழுப்பு இழுக்கிற வேலை. புருஷன் அதைத்தான் கேட்கிறார். நாத்தனார் அதைத்தான் கேட்கிறாள். மேனேஜரும் அதைத்தான் கேட்கிறார். அவள் ஒருத்தி மட்டும்தான் பாக்கி.

பேனாவை மேஜை மேல் வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கேட்காமலே உட்கார்ந்தாள்.

“சார், இதுல தப்பு பண்ணினது ஒருத்தர் இல்ல. மூணு பேர்.”

“மூணு பேரா?” மேனேஜர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “யாரு மூணாவது ஆள்?”

“மூணாவது இல்ல சார், முதல் ஆள். நான்தான். என் வாய்க்குப் பயந்துதான் ஒருத்தி காப்பி அடிச்சா, அவளைக் காப்பாத்த இன்னொருத்தர் பொய் சொன்னார். முதல்ல என் பேரை எழுதிக்குங்க. அப்புறம் மத்தவங்களைச் சொல்றேன்.”

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். போனை எடுத்து, “வண்டியைக் கொஞ்சம் நிக்கச் சொல்லு” என்றார்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே அண்ணனும் தங்கையும் வந்து நின்றுவிட்டார்கள். உள்ளே பேசுவது அவர்களுக்குக் கேட்கவில்லை. இரண்டு பேரும் டீச்சரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.